ஒரு கிராம் மூளைச் சலவை

நரம்பு நோய் ஆய்வு நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், நடைவழியின் கடைசி அறையில், பதினாறு வருடங்களாக ஆட்டு மூளையைக் கரைத்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் நுரையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாள் அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "எதை வேணும்னாலும் கொட்டு, உடை, பரவாயில்ல. நுரை மட்டும் வரக் கூடாது."

நுரை ஏன் வரக் கூடாது என்று தெரிந்துகொண்டால் அவள் வேலையும் தெரிந்துவிடும். மூளையில் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அந்தச் சவ்வில் புரதத்தாலான குட்டிக் குட்டிக் கதவுகள் பதிந்திருக்கின்றன. உப்பின் துகள்கள் அவற்றின் வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். நாம் நினைப்பது, நடப்பது, நேற்றுக் கோபப்பட்டதை இன்று மறந்துவிடுவது எல்லாம் இந்தக் கதவுகள் திறந்து மூடுகிற புண்ணியத்தில் நடக்கிறது. சில பேருக்கு, காரணம் என்னவோ, அவர்களுடைய இரத்தமே இந்தக் கதவைத் திருடன் என்று நினைத்து அடிக்கத் தொடங்கிவிடும். அப்போது முகம் ஒரு பக்கம் வெட்டி இழுக்கும். கை தூக்கிப் போடும். காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவிருக்காது. நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்து உண்டு. கண்டுபிடிக்காவிட்டால் அவர்களைப் பைத்தியம் என்று சொல்லிவிடுவது வழக்கம்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. ஒரு மூளையிலிருந்து அந்தக் கதவை உடையாமல் கழற்றி, நோயாளியின் இரத்தத்திடம் காட்ட வேண்டும். அடிக்கிற இரத்தம் என்றால் பாய்ந்து பிடித்துக்கொள்ளும். கதவைக் கழற்றச் சுற்றியிருக்கும் கொழுப்பைக் கரைக்க வேண்டும், கொழுப்பைக் கரைக்க டிட்டர்ஜென்ட் வேண்டும். கடுமையானதைப் போட்டால் கதவும் சேர்ந்து நொறுங்கிவிடும். சாதுவானதைப் போட்டால் கதவு அசைந்துகூடக் கொடுக்காது. இரண்டுக்கும் நடுவில், ஒரு செடியிலிருந்து எடுக்கிற வெள்ளைத் தூள் ஒன்றுதான் தோது. அது கொழுப்பை விலக்கிவிட்டு, அந்த இடத்தில் தானே போய்க் கதவைப் போர்வை மாதிரி சுற்றிக்கொள்ளும். குலுக்கி நுரை வரவைத்தால் போர்வையும் கிழியும், கதவும் கிழியும். அவ்வளவுதான் விஷயம். ஒரு கிராம் தூள் ஆறு வாரத்துக்கு வரும். ஊரிலுள்ள ஏழு ஆஸ்பத்திரிகளின் இரத்தமும் அந்தக் கடைசி அறைக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை தூள் தீர்ந்துபோனது.

முன்பு ஒரு பேராசிரியர் இருந்தார். தூள் தீரப் போகிறது என்றால் யாருக்கோ போன் செய்வார், வந்துவிடும். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தைக் காலியாகவே வைத்து, பொறுப்பை நூலகத் தலைவரிடம் கொடுத்திருந்தார்கள். நூலகத் தலைவர் எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். நூலகத்தில் படித்துப் படித்து அலுத்துவிட்டது என்பார்.

ஆகவே நுரையக்கா முதல் முறையாக நிறுவனத்தின் புதிய ஒருங்கிணைந்த தேவைப் படிவத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். அதில் நானூற்றுப் பன்னிரண்டு தலைப்புகள் இருந்தன. 'விழா மேடை அலங்காரம்' என்பதற்கு மட்டும் பதினான்கு உட்தலைப்பு. ஆய்வுக்கான டிட்டர்ஜென்ட் எதிலும் இல்லை. தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தது 'சலவைப் பொருள்கள்' என்ற தலைப்பு. அதில் 'மூளைச் சவ்வுகளுக்கான சலவைப் பொருள், ஒரு கிராம்' என்று எழுதி அனுப்பினாள்.

நான்காம் நாள் அவள் அறை வாசலில் இருபத்தைந்து கிலோ மூட்டை ஒன்று நின்றுகொண்டிருந்தது. எலுமிச்சை வாசனை நடைவழி முழுக்க வந்தது.

அவள் கிடங்கு அதிகாரியிடம் போனாள். அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், மேசையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"சார், நான் கேட்டது ஒரு கிராம்."

"எங்ககிட்ட கிராம்னு ஒரு அளவே கிடையாது மேடம். மூட்டைதான் கடைசி அளவு. ஒரு கிராம் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"இது துணி துவைக்கிற பவுடர்."

"துவைக்கத்தானே கேட்டீங்க?"

"துவைக்க இல்ல சார், கரைக்க."

"கரைச்சுத்தானே துவைப்பாங்க. எங்க வீட்லயும் அப்படித்தான்."

நுரையக்கா பொறுமையாகக் கொழுப்பு, கதவு, போர்வை எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேண்டாம் மேடம், சொல்லாதீங்க. இருபத்தெட்டு வருஷமா இந்தக் கிடங்கைப் பாத்துக்கறேன். ஒரு பொருள் எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சுன்னா யாருக்கு அவசரம், யாருக்கு அவசரமில்லன்னு மனசு யோசிக்க ஆரம்பிச்சிடும். அது பாரபட்சம். அதனால நான் எதையும் தெரிஞ்சுக்கறதே இல்ல. போன வருஷம் இதுக்காகவே எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தாங்க. அதுலயும் என்ன எழுதியிருக்குன்னு நான் பாக்கல."

மூட்டை தவிர வேறு சலவைப் பொருள் வேண்டுமென்றால் துப்புரவுப் பிரிவின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றார். மூட்டையைத் திருப்பித் தருவதற்கும் அதே சான்று வேண்டும்.

துப்புரவுப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. வரவேற்பறையைக் கடக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து நின்றார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டிரைவிங் வாத்தியார். நான்கு நாளாக வருகிறார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது கை தூக்கிப் போட்டு சாக்பீஸ் பறந்திருக்கிறது. பிறகு முகம் இழுக்கத் தொடங்கியது. பிறகு மறதி. அந்த அம்மாவின் இரத்தம் மாடியில் நுரையக்காவின் ஃப்ரீசரில், மற்ற எட்டுக் குழாய்களோடு காத்துக்கொண்டிருந்தது.

"மேடம், முடிவு வந்துடுச்சா?"

"இன்னும் இல்லங்க. ஒரு பொருள் வர வேண்டியிருக்கு."

"டாக்டர் சொல்றாரு, உங்க காகிதம் வந்தாத்தான் மருந்து போட முடியுமாம். அவங்க ஆஸ்பத்திரி ரூல் அப்படி. அடுத்த மாசம் மொத வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா மனநோய் வார்டுக்கு மாத்திடுவாங்களாம்." சொல்லும்போதே அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊரார் ஓட்டும் வண்டிக்கெல்லாம் பிரேக் போட்டுப் போட்டு, பயம் வந்தாலே அந்தக் கால் தானாக அழுத்திவிடும். "நேத்து ஏழையும் எட்டையும் கூட்டிச் சொல்லுன்னு கேட்டேன். எதுக்குன்னு கேட்டா."

நுரையக்கா படி இறங்கினாள்.

துப்புரவுப் பிரிவுத் தலைவர் அவளைப் பார்த்ததும் நாற்காலியைத் தானே துடைத்துப் போட்டார். ஆய்வுப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் தன்னைத் தேடி வருவது இதுதான் முதல் தடவை என்றார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு படிவத்தை எடுத்தார்.

"கழுவறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, கழுவினதுக்கு அப்புறம் ஒரு போட்டோ. இது பொது விதி. கழிப்பறையா இருந்தாலும் சரி, மூளையா இருந்தாலும் சரி. நான் வித்தியாசம் பாக்கறதில்ல."

"கழுவினதுக்கு அப்புறம் மூளை இருக்காது சார். கரைஞ்சிடும்."

"அப்ப அழுக்கு?"

"அதுல அழுக்கே இல்ல சார்."

அவர் பேனாவை நிறுத்தினார். "அழுக்கு இல்லாததை எதுக்கும்மா கழுவறீங்க?"

பதினாறு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. பதில் யோசிப்பதற்குள் அவர் எழுதிவிட்டார்: 'அழுக்கு: இல்லை. கழுவல்: இருப்பினும் கோரப்படுகிறது. காரணம்: விளக்கப்படவில்லை.' இதை மேலிடத்துக்கு அனுப்புகிறேன், மேலிடம் சொன்னால் நான் தடையில்லை என்று சொல்லிவிடுவேன், எனக்குச் சொந்தமாகத் தடை எதுவும் கிடையாது என்றார்.

அந்தப் பிரிவின் தட்டச்சர் மிகவும் கவனமான பெண். கோப்பின் மேலட்டையில் பொருள் எழுதும் கட்டத்தில் பத்து எழுத்துக்குமேல் ஏறாது. 'மூளைச் சவ்வுகளுக்கான சலவைப் பொருள்' என்பதை அவள் சுருக்கினாள். முதல் சொல்லையும் கட்டத்துக்குள் அடங்குகிற இன்னொரு சொல்லையும் வைத்துக்கொண்டாள். இப்படியாக 'மூளைச் சலவை' என்ற தலைப்போடு அந்தக் கோப்பு இயக்குநர் மேசைக்குப் போனது. வழக்கமாக நான்கு நாளானாலும் ஒரு மாடி ஏறாத கோப்பு, நாற்பது நிமிடத்தில் இயக்குநர் அறையிலிருந்து விசாரணைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் அவளுக்கு நோட்டீஸ் வந்தது. 'இந்நிறுவன வளாகத்தில் மூளைச் சலவை செய்யும் பொருட்டு அதற்குரிய பொருளைத் தாங்கள் எழுத்து மூலம் கோரியிருப்பது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. எத்தனை பேருக்குச் செய்யப்பட்டது, அவர்கள் இப்போது என்ன நினைக்கிறார்கள் என்பதை விளக்குக.'

வீட்டில் அவள் கணவர் தையல் இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தையல் இயந்திரம் பழுது பார்ப்பதுதான் தொழில். நோட்டீசை எண்ணெய்க் கை படாமல் ஓரத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல."

"என்னங்க இது, சிரிக்கறதா அழறதான்னு தெரியல."

"நீ யாரையாவது மாத்தியிருக்கியா?"

"பதினெட்டு வருஷமா உங்களையே மாத்த முடியல."

"அதை எழுதிக் கொடு. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டா நான் வந்து சொல்றேன்."

அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் நோட்டீசை வாங்கி மறுபடி படித்தாள். நோட்டீசின் கடைசி வரியில் பணிநீக்கம் என்ற சொல் இருந்தது.

விசாரணை அதிகாரி மெலிந்த மனிதர். சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்தார்: கேள்விக்கு நீலம், பதிலுக்குக் கறுப்பு, பதிலில்லாததற்குச் சிவப்பு. கோப்பை ஏற்கெனவே அறிந்தவர்கள் என்பதால் கிடங்கு அதிகாரியையும் துப்புரவுப் பிரிவுத் தலைவரையும் குழுவில் போட்டிருந்தார்கள். தொடக்கவுரைக்கு இயக்குநரே வந்திருந்தார்.

"நான் பொறுப்பேத்துக்கிட்ட அன்னிக்கே சொன்னேன்," என்றார் இயக்குநர். "இந்த நிறுவனத்துல யாரும் யாரோட மூளையையும் தொடக் கூடாது. என்னையே எடுத்துக்குங்க. பதினோரு வருஷமா என் மூளையை யாரும் பயன்படுத்தினது கிடையாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். வாங்கின மாதிரி அப்படியே இருக்கு. இந்தப் பாரம்பரியத்தைக் காப்பாத்தறது நம்ம ஒவ்வொருத்தர் கடமை." எல்லோரும் கைதட்டினார்கள். நுரையக்காவும் தட்டினாள். அவர் வேறு விழாவுக்குக் கிளம்பிப் போனார்.

விசாரணை அதிகாரி நீலப் பேனாவைத் திறந்தார்.

"யாருடைய மூளை?"

"ஆட்டு மூளை சார். இறைச்சிக்கூடத்துல இருந்து ஐஸ்ல வச்சு வரும்."

"எத்தனை ஆடுகள்?"

"வாரத்துக்கு நாலு."

"சலவைக்கு முன்னாடி அந்த ஆடுகளோட கருத்து என்னவா இருந்தது?"

"கருத்தா?"

"கருத்து. நிறுவனத்தைப் பத்தி. நிர்வாகத்தைப் பத்தி."

"செத்துப்போன ஆடு சார் அது."

அவர் சிவப்புப் பேனாவால் 'கருத்துத் தெரிவிக்கவில்லை' என்று எழுதினார். "சலவைக்குப் பிறகு?"

"அப்பவும் ஒண்ணும் இருக்காது."

"ஆக, மாற்றம் எதுவும் இல்ல." அவர் மற்ற இருவரையும் பார்த்தார். "பதினாறு வருஷமா நிறுவனத்தோட பொருளை எடுத்து, ஒரு ஆட்டோட கருத்தைக்கூட இவங்களால மாத்த முடியல. இது திறமைக் குறைவு. தனிக் குற்றமா சேர்த்துக்கணும்."

துப்புரவுத் தலைவர் தலையாட்டினார். அழுக்கில்லாத இடத்தில் கழுவியதையும் சேர்க்கச் சொன்னார். கிடங்கு அதிகாரி தனக்கு எதுவும் தெரியாது என்பதைப் பதிவு செய்யச் சொன்னார். விசாரணையை ஒரு வாரம் ஒத்திவைத்தார்கள்.

அந்த வாரம் டிரைவிங் வாத்தியார் இரண்டு முறை வந்தார். இரண்டாம் முறை எதுவும் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போகும்போது மட்டும், "இன்னிக்கு என்னை யாருன்னு கேட்டா மேடம். டிரைவருன்னு சொன்னேன். சரி, மெதுவா ஓட்டுங்கன்னா," என்றார்.

நுரையக்கா தெரிந்த மூன்று கல்லூரிகளுக்குப் போன் செய்தாள். அந்தத் தூள் யாரிடமும் இல்லை. ஒரு கல்லூரியில், எங்களிடமும் மூட்டைதான் வந்திருக்கிறது என்றார்கள்.

இரண்டாம் அமர்வுக்கு அவள் நான்கு பக்க மறுப்பு எழுதிக்கொண்டு போனாள். மூளைச் சவ்வு வேறு, மூளைச் சலவை வேறு என்பதைப் படம் போட்டு விளக்கியிருந்தாள். கணவர் அதைப் படித்துவிட்டு, இதைப் படித்தால் விட்டுவிடுவார்கள், படிக்க வைப்பதுதான் கஷ்டம் என்று சொல்லியிருந்தார்.

விசாரணை அதிகாரி அதை வாங்கி எடை பார்ப்பதுபோல் கையில் வைத்துக்கொண்டார். "மறுப்பா? சரி. மறுத்தா விசாரணை நீளும். இப்ப என் கஷ்டம் என்னன்னா, சான்றுப் பொருள் இல்ல. நீங்க சலவை செஞ்சீங்கன்னு சொல்ற அந்தப் பொருள் தீர்ந்துபோச்சு. மூளையும் கரைஞ்சுபோச்சு. குற்றம் நடந்த இடத்துல ஒரு வாசனைகூட இல்ல."

"எலுமிச்சை வாசனை இருந்தது," என்றார் துப்புரவுத் தலைவர்.

"அது மூட்டை வாசனை. நுரையக்கா வாசனை இல்ல. பொருள் கையில இல்லன்னாலும் நான் வெளியிலிருந்து வாங்கியிருப்பேன். விசாரணைப் பிரிவுக்கு மட்டும் தனி அதிகாரம் இருக்கு. சான்றுப் பொருளுக்கு நாங்க படிவமும் போட வேண்டாம், தடையில்லாச் சான்றும் வேண்டாம். மூணே நாள்ல எங்க இருந்தாலும் வரவழைச்சிடலாம். ஆனா குற்றம் சாட்டப்பட்டவர் ஒத்துக்கிட்டு, செஞ்சு காட்டறேன்னு சொன்னாத்தான் அந்த விதி பொருந்தும். மறுத்தவங்களுக்குப் பொருந்தாது."

அவர் அதைச் சும்மா தகவலுக்குத்தான் சொன்னார். அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நுரையக்கா மேசையிலிருந்த தன் நான்கு பக்கத்தைப் பார்த்தாள். அன்றைக்குத் திங்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கு இன்னும் பதினோரு நாள். ஒத்துக்கொண்டால் பதினாறு வருட வேலை போகலாம், அதுவும் மூளைச் சலவைக்காரி என்ற பெயரோடு. ஓய்வூதியம், மகள் படிப்பு, அண்ணன் வீட்டார் பேச்சு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கடைசியாக, யாரோ ஒரு டிரைவரிடம் மெதுவாக ஓட்டச் சொல்லும் ஒரு கணக்கு டீச்சர்.

அவள் கையை நீட்டி அந்த நான்கு பக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"சார், நான் ஒத்துக்கறேன்."

"எதை?"

"மூளைச் சலவைதான் சார் செஞ்சேன். பதினாறு வருஷமா செஞ்சேன். எப்படிச் செஞ்சேன்னு உங்க முன்னாடியே செஞ்சு காட்டறேன். அந்தத் தூள் மட்டும் வரணும். ஒரு கிராம். மூட்டை வேண்டாம்."

விசாரணை அதிகாரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "இருபத்திரண்டு வருஷத்துல நூத்தி நாப்பது விசாரணை நடத்தியிருக்கேன். ஒருத்தர்கூட ஒத்துக்கிட்டது கிடையாது. காரணம், யாரும் எதுவும் செஞ்சிருக்கல. எனக்கு அது எப்பவும் ஒரு குறையாவே இருந்தது." பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தார். "நன்றிம்மா."

தூள் மூன்றாம் நாள் வந்தது. அரக்கு முத்திரை வைத்த பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் விரல் நீளப் பாட்டில். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு காவலாளிகள் வந்தார்கள்.

செய்து காட்டுவது குளிர் அறையில். நான்கு டிகிரி. நுரையக்கா தடித்த ஸ்வெட்டரும் காதை மூடிய சால்வையுமாக நின்றாள். குழுவினர் மூவரும் அரைக்கைச் சட்டையில் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு வெள்ளைக் கோட் கொடுத்தாள். செய்து காட்டி முடிக்கும்வரை குழு சான்றுப் பொருளைக் கண்பார்வையிலிருந்து விடக் கூடாது என்பது விதி. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்கள். ரெண்டு மணி நேரம் என்றாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் ஏற்கெனவே அரைத்து, சவ்வை மட்டும் பிரித்து, உறைய வைத்திருந்ததை எடுத்தாள். வெளியே போய், குழுவின் கண்ணெதிரே தூளைக் கொதிநீரில் கரைத்து, ஆறவிட்டு, உள்ளே கொண்டுவந்தாள். ஐசில் வைத்த குழாயில் ஒவ்வொரு சொட்டாக விட்டாள். ஒரு சொட்டு. பொறுத்து, இன்னொரு சொட்டு. பால் மாதிரிக் கலங்கலாக இருந்தது மெல்ல மெல்லத் தெளியத் தொடங்கியது. பிறகு குழாயை மெதுவாகச் சுழலும் தட்டில் வைத்தாள்.

"நுரையே வரலையே," என்றார் துப்புரவுத் தலைவர், பல் தந்தியடிக்க. "சரக்கு மட்டம்."

"நுரை வந்தா எல்லாம் போச்சு சார்."

"அப்படி ஒரு சலவை உண்டா?" அவர் குனிந்து குழாயையே பார்த்தார். இத்தனை வருடமும் நுரையை வைத்துத்தான் ஆட்களை எடைபோட்டிருக்கிறார்.

கிடங்கு அதிகாரிதான் பாவம். கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றவர், குளிர் தாங்காமல் பேச்சுக் கொடுத்தார். பேச்சுக் கொடுத்தால் பதில் வரும். பதிலில் கதவும் கொழுப்பும் போர்வையும் வந்துவிட்டன. "அடக் கடவுளே, இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சே," என்றார் அவர். உண்மையாகவே வருத்தமாகச் சொன்னார்.

சென்ட்ரிஃப்யூஜில் ஒரு மணி நேரம் சுழற்றி எடுத்தபோது குழாயின் அடியில் கசடும் மேலே கண்ணாடி போன்ற நீரும் இருந்தன. விசாரணை அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுதானா சலவை செய்த மூளை?"

"கதவு சார். முழுசா, உடையாம இருக்கு. இதைத்தான் இவங்க இரத்தத்துக்குக் காட்டணும்." அவள் ஃப்ரீசரைத் திறந்து குழாய்களின் தட்டை வெளியே இழுத்தாள். ஒன்பது இருந்தது இப்போது பதினொன்றாகியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு வயது. "இவங்க ஒரு டீச்சர். இவர் தச்சர். இந்தப் பொண்ணுக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு. யாருக்கு அந்த நோய், யாருக்கு இல்லன்னு நாளைக்குத் தெரிஞ்சிடும்."

அவர் ஒவ்வொரு பெயராகப் படித்தார். நிதானமாக, கடைசிக் குழாய் வரை படித்தார். இதற்கு எந்தப் பேனாவை எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. எதையும் எடுக்கவில்லை.

மறுநாள் பதினொன்றில் இரண்டு பாய்ந்து பிடித்திருந்தன. ஒன்று தச்சருடையது. மற்றது கணக்கு டீச்சருடையது. முடிவுத் தாளில் நூலகத் தலைவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நுரையக்கா பஸ் பிடித்துத் தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டிரைவிங் வாத்தியார் வார்டு வாசலில் நின்றபடி தாளைப் படித்தார். "இருக்குன்னு போட்டிருக்கே மேடம். இது நல்லதா, கெட்டதா?"

"இருக்குன்னா மருந்து இருக்குங்க."

அவர் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு டாக்டரைத் தேடி உள்ளே ஓடினார். அன்று மாலையே முதல் ஊசி போட்டார்கள்.

ஐந்து வாரம் கழித்து அவளுக்கு ஒரு போன் வந்தது. பெண் குரல், கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசியது. "நீங்கதான் மூளை கழுவறவங்களா? எங்க வீட்டுக்காரர் நம்பர் கொடுத்தாரு. ஏழும் எட்டும் பதினஞ்சு. அதை எதுக்குக் கேட்டாருன்னுதான் இன்னும் தெரியல."

அதே வாரம் விசாரணை அதிகாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் அறிக்கை தயாராக இருந்தது. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணம் ஆகியிருந்தது. அவரது வாழ்நாளில் முதல் நிரூபணம். தட்டச்சர் அதற்குத் தனி அட்டை போட்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டுக் கோப்பை மூடினா அடுத்து தண்டனை எழுதணும்," என்றார். "மூடணும்னு இயக்குநர் சொல்றாரு."

"மூடினா பாட்டில், சார்? அடுத்த வாரம் தீர்ந்துடும்."

"கோப்பு மூடினா சான்றுப் பொருள் எதுக்கு? திரும்பப் படிவம்தான் போடணும்."

"மூட்டை வரும்."

"வரும்."

நுரையக்கா அந்த அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"மூடாம இருக்கறதுக்கு விதி ஏதாவது இருக்கா சார்?"

"ஒண்ணு இருக்கு. குற்றம் நின்னுபோயிருக்கக் கூடாது. நடந்துக்கிட்டே இருக்கற குற்றத்தை யாரும் விசாரிச்சு முடிக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் செஞ்சு காட்டச் சொல்லி, புதுச் சான்று வரவழைச்சு, குழு நேர்ல பாக்கணும்." அவர் அவளை நிமிர்ந்து பார்க்காமல் பேனாக்களை வரிசைப்படுத்தினார். "அது வரைக்கும் உங்க தலைமேல வழக்கு தொங்கிக்கிட்டே இருக்கும். பதவி உயர்வு வராது. உங்களுக்குச் சம்மதம்னா எழுதித் தரணும்."

நுரையக்கா வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கேட்டாள். அவர் ஊசியில் நூல் கோத்தபடி, "குற்றவாளி புருஷன்னு சொன்னா கடையில கடன் கேக்கறவன் வரமாட்டான். எழுதிக் கொடு," என்றார்.

அவள் எழுதிக் கொடுத்தாள்.

அதன்பின் ஆறு வாரத்துக்கு ஒருமுறை முத்திரை வைத்த பெட்டி வந்தது, குழுவும் வந்தது. இயக்குநர் ஆண்டு விழாவில், நமது விசாரணைப் பிரிவு ஓய்வின்றி இயங்கிவருகிறது என்று பெருமையாகச் சொன்னார்.

நான்காவது அமர்வின்போது மூவரும் சொந்தமாக ஸ்வெட்டர் கொண்டுவந்திருந்தார்கள். கிடங்கு அதிகாரி ஐஸ் வாளியைப் பிடித்துக்கொண்டார். துப்புரவுத் தலைவர் குழாயை உற்றுப் பார்த்து, "மெதுவா, மெதுவா, நுரை வந்துடப் போகுது," என்றார். எல்லாம் முடிந்து குளிர் அறைக் கதவைச் சாத்தினார்கள். மறுநாள் மதியம், விசாரணை அதிகாரி தனியாக மாடி ஏறி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"இந்தத் தடவை எத்தனை பேர்?"

"பதினாலு சார்."

"எத்தனை பேருக்கு இருக்கு?"

"மூணு பேருக்கு. காகிதம் காலையிலயே போயாச்சு."

அவர் கோப்பைத் திறந்து சுவரில் வைத்து, கறுப்புப் பேனாவால் எழுதினார்: 'குற்றம் தொடர்கிறது.'